ஆமைக்கு ஆசை வேண்டாம். முயலுக்குப் புல் வளர்ப்போம்!

முயலும் ஆமையும் ஓட்டப்பந்தயம் ஓடிய கதையைச் சொல்லிச் சோறு ஊட்டாத தாய் நம்மில் யார் இருக்கிறார்கள்? கதை முடிந்ததும் என்ன நடக்கும்? "அம்மா, எனக்கு ஒரு ஆமை வாங்கிக் குடும்மா. இல்லேன்னா முயலாவது வாங்கிக் குடு" என்று பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டும் சத்தம் போடாத ஜீவன்கள். கறி, மீன் கேட்காமல் புல்லும் பூண்டும் தின்று வாழ்பவை. "சரி, ஒண்ணு வாங்கித்தான் கொடுப்போமே" என்று நமக்கும் தோன்றிவிடும். தோழியரே, வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஆமை ஏன் கூடாது?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி. இப்போது சிலர் அதை அப்படியே திருப்பிப் போட்டு, ஆமை இருந்தால் வீட்டில் செல்வம் சேரும் என்று ரகசியமாக வாங்குகிறார்கள். முதுகில் மஞ்சள் கோலம் போட்டாற்போல் இருக்கும் நட்சத்திர ஆமைக்குத்தான் இதில் கிராக்கி. முட்புதர் மண்டிய வறண்ட காட்டில், மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லை மேய்ந்து திரிய வேண்டிய பிராணி அது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் அதைத் திருத்தியபோது நட்சத்திர ஆமையையும் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆமை வந்தால் பின்னாலேயே அமீனாவும் வந்துவிடுவார்! கொல்லைக்குத் தானாக ஊர்ந்து வந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஆமை காட்ட ஆசையா? மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அல்டாப்ரா என்னும் ராட்சத ஆமைகளை அங்கே பார்க்கலாம். அவற்றின் சொந்த ஊர் இந்துமாக் கடலில் செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா தீவு. காலங்காலமாக ஆமைகள் மேய்ந்து மேய்ந்து, அங்கே இருபதுக்கும் மேற்பட்ட புல் பூண்டு வகைகள் பாய் விரித்தாற்போலக் குட்டையாகப் படர்ந்துவிட்டனவாம். புல் விஷயத்தில் நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றமே. பண்ணையில் வளரும் முயல்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கதையில் தோற்ற முயல்தான் நம் வீட்டுக்கு வரலாம்.

புல்தான் அதற்குச் சோறு

படத்தில் முயல் எப்போதும் காரட் கடிப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். நிஜத்தில் காரட் அதற்கு மிட்டாய் மாதிரி. எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் அந்தப் பல் தேய்ந்து அளவோடு நிற்கும். குடலும் நாரினால்தான் ஓடுகிறது. சோறு, பிஸ்கட், ரொட்டி என்று கொடுத்தால் வயிறு உப்பிப் போகும். தினமும் முயலின் உடம்பு அளவுக்கு ஒரு கட்டுப் புல்லாவது அதன் முன் இருக்க வேண்டும்.

இன்னொன்று. முயல் தன் மிருதுவான புழுக்கையைத் தானே தின்னும். "ஐயே!" என்று பதற வேண்டாம். முதல் தடவையில் சேராத சத்தை இரண்டாம் தடவையில் எடுத்துக்கொள்கிறது. அது இயற்கை.

ரோட்டுப் புல் வேண்டாம்

எங்கள் செஞ்சியைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் விளைகிற கழனிகள். வரப்பில் பச்சைப் பசேலென்று புல் நிற்கும். "இதை அறுத்துப் போட்டால் ஆகாதா?" என்று கேட்கலாம். பயிருக்கு அடிக்கிற மருந்து வரப்புப் புல்லிலும் படிகிறது. எப்போது அடித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? ரோட்டோரப் புல்லில் வண்டிப் புகை. சாக்கடை ஓரப் புல்லில் கிருமி. பெரிய மாடு தாங்கிக்கொள்வதை இரண்டு கிலோ முயல் தாங்காது.

புல்லோடு புல்லாக விஷச் செடிகளும் கலந்து வந்துவிடும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவற்றின் இலை ஒன்றுகூட வரக்கூடாது. அடுக்களையிலிருந்து வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முளை, தக்காளி இலை போன்றவற்றைப் போடாதீர்கள்.

நாமே வளர்ப்பது எப்படி?

கொல்லை இருப்பவர்கள் ஒரு பாத்தி கட்டலாம். மாடி மட்டும் இருப்பவர்களுக்கு, அடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப் நான்கைந்து போதும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது. யூரியாவும் பூச்சி மருந்தும் கூடவே கூடாது.

அருகம்புல்: கணுவோடு கூடிய துண்டுகளை நாலு விரற்கடை இடைவெளி விட்டு ஊன்றினால் தானே படரும். பிள்ளையாருக்கும் ஒரு கொத்து ஆயிற்று!

கொழுக்கட்டைப் புல்: வறட்சி தாங்கும். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் கைகொடுக்கும்.

கோதுமை: அடுக்களை டப்பாவில் இருப்பதையே ஒரு கைப்பிடி ஊறவைத்துத் தெளித்தால் பத்து நாளில் பச்சைப் பயிர். விதைக் கடையில் மருந்து தடவிய கலர் விதை வாங்காதீர்கள்.

சோளம் மட்டும் தெளிக்க வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் மாட்டையே சாய்க்கிற நஞ்சு உண்டு.

அருகும் கொழுக்கட்டைப் புல்லும் வேர் பிடித்துத் தழைக்க ஒன்றரை மாதம் ஆகும். அதற்குப் பிறகே முயலை வாங்குங்கள். இப்போது அல்டாப்ரா பாடத்துக்கு வருகிறேன். புல்லை முற்ற விடாமல் அடிக்கடி நறுக்கினால் அது படர்ந்து இளசாகத் தழைக்கும். ஆனால் மொட்டையடிக்கக் கூடாது. மூன்று விரற்கடை விட்டு அறுத்து, அந்தத் தொட்டிக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த தொட்டிக்குப் போங்கள். முழுவதும் தொட்டிப் புல்லை நம்பினால் நான்கைந்து தொட்டி காணாது. மருந்து அடிக்காத இடம் என்று நிச்சயமாகத் தெரிந்த தோட்டத்துப் புல்லைக் காயவைத்தும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் முறை

அறுத்த புல்லை அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்திக் கொடுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய புல்லும், பூசணம் பிடித்த புல்லும் விஷத்துக்குச் சமம். புதுப் புல்லை ஒரே நாளில் நிறையப் போடாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே கொஞ்சம் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் கவலையில்லை.

முயலுக்கு வெயில் ஆகாது. சித்திரையில் எங்கள் ராஜகிரிப் பாறை அனல் கக்கும். அப்போது கூண்டை நிழலில் வைத்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அரை நாள் புல் தொடாமல், புழுக்கையும் போடாமல் முடங்கிக் கிடந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். முயல் நோயைக் காட்டிக்கொள்ளாத பிராணி. காட்டும்போது நேரம் குறைவாகவே இருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதையும் களை பிடுங்குவதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். எது புல், எது விஷச் செடி என்று பத்து நாளில் நமக்கே சொல்லித் தருவார்கள். தொட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.