கடலோர ஆங்கிலம்

குழந்தைகளுடன் கோவளம் செல்லும் நம்மவர்கள் சில ஆங்கிலச் சொற்களை அறிந்திருப்பது நல்லது. 'கட்டமரான்' நம் கட்டுமரமே. ஆங்கில மாலுமி டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. இன்றோ அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது!

கிரிக்கெட்டுக்கு 'ப்ளே' என்கிறோம். அலைச்சறுக்குக்கு 'கோ சர்ஃபிங்' என்பதே சரி. இதில் பிழை நேர்ந்தால் சிரிப்போடு போய்விடும். 'ரிப் கரண்ட்' அப்படியன்று. 'கரண்ட்' என்றதும் நமக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம். சிக்கினால் எதிர்த்து நீந்தக் கூடாது. 'பாரலல் டு த ஷோர்', அதாவது கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.