நாயோடு ஒரு நடை

ஊரில் நாய்க்கு வளவுதான் இடம். ஹொல்ஸ்டெப்ரோவில், பிள்ளைகள் போய் வீடு வெறிச்சோடியபின், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டது. அதற்காக மழையிலும் ஸ்டோரோ ஆற்றங்கரையில் நடக்கிறேன். முன்பு பேசாமல் கடந்துபோன டேனிஷ்காரர் இப்போது நின்று கதைக்கிறார்கள்.

கணக்காளனுக்கு எண் வேண்டுமே! சுவீடனில் 40 முதல் 80 வயதுவரையான 34 இலட்சம் பேரின் பதிவுகளை உப்சாலா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். தனியாக வாழ்வோரில், நாய் வைத்திருந்தவர்களின் இறப்பு அபாயம் 33 வீதம் குறைவாக இருந்தது. (நடக்கக்கூடியவர்கள்தான் நாய் வாங்குகிறார்களோ என்றும் கேட்கலாம்.)

தனித்திருக்கும் நம் முதியோர் இதை யோசிக்கலாம். ஆனால் டென்மார்க்கில் நாய்க்குப் பதிவும் பொறுப்புக் காப்புறுதியும் சட்டப்படி கட்டாயம். அந்தச் செலவையும் பாருங்கள். முதலில் அயலவரின் நாயை ஒரு மாதம் நடத்திப் பார்ப்பது நல்லது, அதுவும் ஜனவரியில்!