உயரம் அளக்கும் நிரல்

கோபுரம் ஒன்றின் உயரத்தை, அதன்மீது ஏறாமலேயே அறிய முடியும். இதற்கு உதவுவது முக்கோணவியல். செங்கோண முக்கோணத்தில் ஒரு குறுங்கோணத்தின் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 'டேன்ஜென்ட்' எனப்படும். இதனைச் சுருக்கமாக 'டேன்' என்பர்.

தில்லியில் உள்ள குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 72.5 மீட்டர். அதன் அடிமையத்திலிருந்து 100 மீட்டர் தொலைவில், தரைமட்டத்திலிருந்து உச்சியை நோக்கினால் ஏற்றக்கோணம் ஏறக்குறைய 36 பாகை இருக்கும். 36 பாகையின் டேன் மதிப்பு 0.7265. இதனைத் தொலைவால் பெருக்கினால் 72.65 மீட்டர் என்னும் விடை கிடைக்கிறது. இஃது உண்மை உயரத்துக்கு மிக நெருங்கியது.

இக்கணக்கை இணையப் பக்கம் ஒன்றும் செய்து காட்டும். தொலைவையும் கோணத்தையும் உள்ளிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் உயரத்தைக் கணிக்கும். அம்மொழியில் 'மேத்.டேன்' என்னும் சார்பு இதற்கு உதவுகிறது. ஆனால், அச்சார்பு கோணத்தைப் பாகையாக அன்றி ரேடியனாகவே கொள்ளும். 180 பாகை என்பது பை ரேடியனுக்குச் சமம். ஆகவே நிரலின் வரி பின்வருமாறு அமைதல் வேண்டும்:

உயரம் = தொலைவு * மேத்.டேன்(பாகை * மேத்.பை / 180)

இவ்வாறு மாற்றாமல் 36 என்றே கொடுத்தால், குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 775 மீட்டர் எனத் திரையில் தோன்றும். கணினி பிழைச்செய்தி எதுவும் தராது. எனினும், பார்த்தவுடன் தவறு புலப்பட்டுவிடும். 40 மீட்டர் தொலைவில் 45 பாகையில் உச்சி தெரியும் கட்டடத்துக்கோ, 40 மீட்டர் என்பதற்குப் பதிலாக 64.8 மீட்டர் என விடை வரும். அப்படியும் ஒரு கட்டடம் இருக்கக்கூடும் அன்றோ! நம்பத்தக்கதாய்த் தோன்றும் தவறே மிகவும் ஆபத்தானது.

எனவே, விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து நிரலைச் சோதித்தல் நன்று. 45 பாகையின் டேன் மதிப்பு 1. முறையாக மாற்றிக் கொடுத்தாலும் கணினி 0.9999999999999999 எனக் காட்டும். பையின் மதிப்பு முடிவில்லாத தசம எண் ஆதலால், கணினி அதனை ஓரளவுக்கே சேமித்து வைக்கிறது. இச்சிறு வேறுபாட்டை முழுமையாக்கிக் காட்டினால் போதும். 90 பாகைக்கு டேன் மதிப்பு வரையறுக்கப்படவில்லை. கணினியோ 17 இலக்கம் கொண்ட பேரெண் ஒன்றைத் தரும். ஆதலால், 90 பாகைக்குக் குறைந்த கோணத்தையே ஏற்குமாறு நிரலை எழுத வேண்டும்.

கணினி விரைவாகக் கணக்கிடும். கொடுத்த எண்ணின் அலகு எதுவென அறிந்து கொடுப்பது மனிதரின் கடமை.

சொற்பொருள்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
ஏற்றக்கோணம் – கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணம்

வினாக்கள்
1. பாகையை ரேடியனாக மாற்றுவது எவ்வாறு?
2. 775 மீட்டர், 64.8 மீட்டர் ஆகிய தவறான விடைகளுள் எது ஆபத்தானது? ஏன்?
3. பிரித்து எழுதுக: இக்கணக்கை, அம்மொழியில், பேரெண்.