உங்கள் பேங்க் கணக்கை போலீஸ் கேட்டால்... உங்களுக்குச் சொல்வார்களா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஆவடியில் பென்ஷன் வாங்குபவர், பூந்தமல்லியில் க்யூ.ஆர் கோடு மாட்டிப் பூ விற்பவர்... எல்லோருடைய வாழ்க்கையும் இன்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், யாருக்குக் கடன் கொடுத்தோம் என அத்தனையும் அதில் தெரியும். அரசு கேட்டால் பேங்க் கொடுத்துவிடுமா?

சட்டப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். வழக்கு விசாரணைக்குத் தேவையென்றால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துபூர்வமாக ஆவணம் கேட்கலாம். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. வருமான வரித்துறைக்கும் தனி அதிகாரம் உண்டு.

அதற்காக இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. முத்திரைத்தாள் சட்டத்தில் ஆந்திர அரசு செய்த ஒரு திருத்தம், கலெக்டர் அனுமதித்த எவரும் பேங்க்குக்குள் போய் ஆவணங்களைச் சோதிக்கலாம் என்றது. கனரா வங்கி வழக்கு தொடர்ந்தது. அந்தத் திருத்தம் செல்லாது என 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதம் பேங்க்கிடம் இருந்தாலும், அந்தரங்க உரிமை வாடிக்கையாளருடையதுதான் என்பது அதன் சாரம்.

சரி, கேட்ட விஷயம் நமக்குத் தெரியுமா? அமெரிக்காவில் 1978-ம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும். இங்கே அப்படியொரு பொதுவான சட்டம் இல்லை. சந்தேகப் பரிவர்த்தனை என்று நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு பேங்க் அறிக்கை அனுப்பினால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது.

அதனால் பலருக்கு விஷயம் தெரிவதே, கணக்கு முடக்கப்பட்டு யு.பி.ஐ வேலை செய்யாதபோதுதான். அப்போது பதற வேண்டாம். எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு எண், எவ்வளவு தொகை என்று பேங்க் கிளையில் எழுதிக் கேளுங்கள். உத்தரவு ஆவடி கமிஷனரேட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. வெளிமாநில போலீஸிடமிருந்தும் வரலாம். முடக்கியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. விடுவிக்கக் கோரி நீங்களும் நீதிமன்றம் போகலாம்.

இந்த ரகசியத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். 'உங்கள் கணக்கு விசாரணையில் இருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்' என்பார்கள். உண்மையான விசாரணையில் பேங்க்கிடம் ஆவணம் கேட்பார்கள். உங்களிடம் போனில் பணம் கேட்க மாட்டார்கள். அப்படி அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். வீட்டில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.