காய்ந்தாலும் நிறம் மாறாத ஸ்டாட்டிஸ்: பொம்மனஹள்ளி மொட்டை மாடியில் விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

பிறந்தநாளுக்கு வந்த பூங்கொத்தில் ரோஜா நாலே நாளில் தலை சாய்ந்துவிடும். ஆனால், அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில், தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும் பூக்கள் மட்டும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கவனிச்சிருக்கீங்களா? அதுதான் ஸ்டாட்டிஸ்.

வாடகை வீட்டு மொட்டை மாடியில், நாலைந்து தொட்டியிலேயே இதை வளர்க்கலாம். ஆனால், விதைக்கும் மாதம் தவறினால் ஐந்து மாத உழைப்பும் இலையோடு நின்றுவிடும்.

நிறம் ஏன் போவதில்லை?

நீங்கள் ஊதாவாகப் பார்ப்பது இதழே அல்ல, புல்லிவட்டம். அதன் நடுவே எட்டிப் பார்க்கும் குட்டி வெள்ளைப் பூதான் உண்மையான இதழ். அது சீக்கிரம் உதிர்ந்துவிடும். புல்லிவட்டம் செடியில் இருக்கும்போதே காகிதம் போல உலர்ந்திருப்பதால், காய்ந்த பிறகும் வடிவமும் நிறமும் நிற்கின்றன.

மத்தியதரைக் கடலோரத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் தாவரவியல் பெயர் லிமோனியம் சினுவாட்டம். நம்ம ஊர் சித்த மருத்துவத்தில் பயன்படும் கொடிவேலியும் இதே குடும்பம்தான்.

எப்போது விதைக்கணும்?

ஆயுத பூஜையை ஒட்டி, அதாவது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபருக்குள்.

காரணம் குளிர். ஸ்டாட்டிஸ் முதலில் முள்ளங்கி இலை மாதிரி தரையோடு படர்ந்து நிற்கும். அந்தப் பருவத்தில் சில வாரங்கள் குளிர் பட்டால்தான் பூந்தண்டு நன்றாக எழும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி இரவுகள் சராசரியாக 15, 16 டிகிரிதான். தேவையைவிடக் கொஞ்சம் சூடு. அதனால், கிடைக்கும் குளிரில் ஒரு வாரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. மார்ச்சில் விதைத்தால் செடி வரும், பூ வராமலே போகலாம். ஜனவரியிலும் இரவு 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் சென்னையில் இது இன்னும் கஷ்டம்.

விதை முதல் தொட்டி வரை

* தென்னைநார்க் கழிவு நிரப்பிய நாற்றுத் தட்டில் விதையைத் தூவி, மெல்லிசாக மூடினால் போதும். அக்டோபர் மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும்.
* ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம். தேங்கினால் நாற்று அடியிலேயே அழுகிவிடும்.
* நாலைந்து இலை வந்ததும், நவம்பரில், வேர் கலையாமல் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி.
* தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு, இலையில் படாமல் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள். கடலோரச் செடி என்பதால், வளர்ந்த பிறகு கொஞ்சம் உப்பான போர்வெல் தண்ணியையும் தாங்கும்.

எப்போ வெட்டலாம்?

பிப்ரவரி, மார்ச்சில் பூ வரும். ஒரு தண்டில் முக்கால்வாசிப் பூக்கள் விரிந்து நிறம் காட்டியதும் வெட்டுங்கள். முன்னாடியே வெட்டினால் தொங்கிவிடும், ரொம்ப விட்டால் நிறம் மங்கும்.

ஜாடியில் வைக்க, தண்டின் கீழ் இலைகளை நீக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் வரை புதுசாக நிற்கும்.

உலர்த்த, எட்டு, பத்து தண்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். காயும்போது தண்டு சுருங்கும், நூல் கட்டினால் நழுவிவிடும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் தயார். மாடி வெயிலில் மட்டும் காய வைக்காதீங்க, நிறம் வெளுத்துவிடும்.

விதையை எங்கே தேடுவது?

2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோவில் பொம்மனஹள்ளியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக். அங்கே பூங்கா வளாகத்திலேயே நர்சரி இருக்கிறது. ஸ்டாட்டிஸ் அல்லது லிமோனியம் என்று கேளுங்கள். பாக்கெட்டில் தேதியைப் பார்த்து வாங்குங்கள், பழைய விதை முளைப்பது குறைவு.

பெங்களூருவில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். ஸ்டாட்டிஸுக்கு ஐந்தே மாதம் போதும். வீடு மாறினால் தொட்டிகளைத் தூக்கிச் செல்வது சிரமம்தான். ஆனால், காய்ந்த கொத்து ஒரு அட்டைப்பெட்டியில் உங்களோடு வந்துவிடும்.