ஊர் சொல்லும் 'ரோடு டெஸ்ட்'

ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தினமும் பஸ்ஸில் போகும் நண்பர்களே, அங்கே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1988 வரை அங்கே கார் தயாரித்தது. கார்கள் போய்விட்டன. ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் மட்டும் நம்ம ஏரியா மெக்கானிக் ஷெட்டுகளில் இன்னும் வாழ்கின்றன. ஆட்டோமொபைல் மாணவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் எவ்வளவு நிஜம் என்று என் சிற்றறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன்.

முதலில் 1961-ல் வந்த ஹெரால்டு. "நின்ன இடத்துலயே திரும்பும்" என்பார்கள். கிட்டத்தட்ட உண்மை. அது திரும்ப சுமார் 25 அடி வட்டமே போதும். "மெக்கானிக்குக்கு நாற்காலி போட்ட வண்டி" என்பதும் சரியே. மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுசா முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். "வளைவுல காலை மடக்கும்" என்பது மட்டும் புகார். பின்னால் இருந்த ஸ்விங் ஆக்ஸிலில், வேகமாகத் திரும்பும்போது பாடி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே சாயும். 1970-களில் வந்த கெஸலில் இதை விட்டுவிட்டு முழு ஆக்ஸிலே போட்டார்கள்.

அடுத்து 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, பார்க்க ராஜா மாதிரி. ஆனால் "யானையைக் கட்டித் தீனி போடுற கதை" என்று பெயர் வாங்கிவிட்டது. காரணம் இன்ஜின். 1940-களில் வேன்கார்டு காருக்காக வடிவமைத்த இன்ஜினின் 1991 சி.சி. வடிவத்தை இந்தப் பெரிய உடம்புக்குள் வைத்தார்கள். கனத்தை இழுக்க அது திணறியது, பெட்ரோலைக் குடித்தது. "டிராக்டர் இன்ஜின்" என்றும் கேலி செய்தார்கள். அதே இன்ஜின் குடும்பம் பெர்குசன் டிராக்டரில் ஓடியது மெய்தான். ஆனால் டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் அதுவேதான்! ஆகவே குற்றம் இன்ஜின் மேல் இல்லை, பொருத்தத்தின் மேல். இதற்குள் 796 சி.சி. மாருதி 1983-லேயே வந்து ஜனங்களுக்கு மைலேஜ் கணக்கைக் கற்றுக் கொடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம் அம்பாசிடரைப் பாருங்கள். "ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்" என்று நாடே சிரித்தது. இருந்தும் 2014 வரை தயாரானது. ஏன்? "எந்தப் பட்டிக்காட்டிலும் ரிப்பேர் பண்ணிடலாம்" என்று அதே வாய்கள்தான் சொல்லின. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஜனங்கள், பர்ஸில் ஓட்டை விழுந்தால் பொறுப்பதில்லை.

ஒரு காரின் பெயர் கெடும்போது கம்பெனி மட்டும் போவதில்லை. அங்கே ஷிப்டு பார்த்தவர்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்து போகிறது. ஆகவே நண்பர்களே, நாளை நாம் டிசைன் ஆபீஸிலோ சர்வீஸ் சென்டரிலோ உட்காரும்போது, டிரைவர் கிண்டலாகச் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. எந்தப் பாகம், எந்த நிலைமையில் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். காசில்லாமல் கிடைக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் அது.