பீங்கான் தட்டு: பயம் வேண்டாம், பக்குவம் போதும்!

எவர்சில்வர் தட்டு கை தவறினால் 'டங்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பீங்கான் அப்படியா? அதனால்தான் பல வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் அலமாரியிலேயே தூங்குகிறது. எங்கள் வீட்டில் ஒரு செட்டை இருபது வருஷமாகப் புழங்குகிறோம். நான் கையாளும் முறைகளைச் சொல்கிறேன், சகோதரிகளே.

கழுவும்போது: ஸிங்க்கில் மொத்தமாகப் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கல் வைத்த மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கம்பி நாரும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கிற ரசத்தை ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விட்டுவிடும்.

புளி பித்தளைக்கு நல்லது. பூப்போட்ட பீங்கானுக்கு ஆகாது. பீங்கானைச் சுடுவது 1,200 டிகிரி செல்ஷியஸுக்கும் மேலான சூட்டில். மெருகின் மேல் எழுதிய பூவும் தங்கக் கரையும் சுமார் 800 டிகிரியில்தான் சுடப்படுகின்றன. அதனால் புளிப்பும் அழுத்தித் தேய்ப்பதும் அவற்றைச் சீக்கிரம் மங்கவைக்கும். தங்கக் கரை போட்டதை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் தீப்பொறி பறக்கும், ஜாக்கிரதை.

கறைக்கு: சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியால் தேய்த்தால் டீக்கறை போய்விடும். கரண்டி உரசி விழும் சாம்பல் நிறக் கோடுகளும் பெரும்பாலும் இதற்கே மறையும். அவை கீறல் இல்லை. கரண்டியின் உலோகம் ஒட்டிக்கொண்டதுதான்.

அடுக்கும்போது: தட்டுகளுக்கு நடுவே ஒரு காகிதமோ துணியோ வையுங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகாதீர்கள். காதைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுங்கள்.

சின்னக் குழந்தை உள்ள தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய காலத்துப் பாத்திரங்கள் பலவற்றின் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் கலந்திருக்கும். புளிப்பான பண்டம் அதில் நின்றால், ஈயம் சாப்பாட்டில் இறங்கலாம். பரிசோதனைக் கூடங்களிலும் 4 சதவீத அசிடிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் ஊற்றி வைத்துத்தான் ஈயத்தை அளக்கிறார்கள். நாமோ ஊறுகாயை நாள்கணக்கில் வைக்கிறோம்! ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எத்தனை முறை கழுவினாலும், கொதிக்க வைத்தாலும் மெருகிலிருக்கும் ஈயம் போகாது.

என் மாமியாரிடம் ஒரு பூப்போட்ட கிண்ணம் இருந்தது. மெருகெல்லாம் வலைவலையாக விரிசல். என் ஓரகத்தியின் குழந்தைக்கு அதில்தான் பருப்பு சாதம் பிசைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. "அத்தை, இது உங்கள் ஞாபகமாக ஹாலில் இருக்கட்டும், குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் இருக்கே" என்றேன். முதலில் முகம் வாடினாலும், விஷயத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

மெருகு விரிந்தது, வண்ணம் உதிர்வது, விளிம்பு உடைந்தது எல்லாம் அழகுக்கு மட்டும் இருக்கட்டும். புதிதாக வாங்கும்போது, 'ஈயம் சேராதது, உணவுக்கு ஏற்றது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட செட் இருந்தால் விருந்தாளி வரட்டும் என்று காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே எடுங்கள். நம் வீட்டு மனுஷர்களைவிடப் பெரிய விருந்தாளி யார்?